பற்பணி செய்த வாயிற் பல்லை நிரைப்படுத்தல்

பல்லை நிரைப்படுத்துதல் பள்ளிப்பிள்ளைகளுக்கே உரிய கருமம் என்று பலரும் எண்ணியிருந்தனர். சிறுவர் வாயிலே கம்பி பூட்டியிருத்தலைக் கண்டு பழகிய கண்ணுக்கு, நாற்பதும் ஐம்பதும் கடந்தார் அதனை நாடுதல் புதுமையாகவே தோன்றும். ஆயினும், தெளிந்த பிளாத்திக்குக் கவசத்தாற் பல்லை நகர்த்தும் முறை வந்தபின், எம் பழைய மாணவருள்ளும் சிலர் அதுபற்றி வினாவுகின்றனர். அவர்தம் வாயோ பிள்ளையின் வாய் அன்று. ஒரு பல் அடைத்தது. ஒன்று முடி போட்டது. ஒன்று விழுந்த இடத்திலே பாலம் கட்டியது. இத்தகைய வாயில் அம்முறை செல்லுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் பல் எவ்வாறு நகர்கின்றது என்பதை அறிதல் வேண்டும். பல்லானது தாடை என்பில் ஆணிபோல் இறுகி நிற்பதன்று. வேருக்கும் என்புக்கும் இடையே மெல்லிய இணைநார்ப் படலமொன்று உண்டு. ஒருபுறமிருந்து மெல்லென அழுத்திவரின், அழுந்திய பக்கத்து என்பு கரையும். மறுபக்கத்தே புதிய என்பு வளரும். சுவீடன் நாட்டுச் சான்ட்ஸ்ரெட் என்பார் 1904ஆம் ஆண்டளவில் நாய்களிற் செய்த சோதனைகளால் இதனைக் காட்டினர். கம்பியாயினும் கவசமாயினும் இவ்வியல்பையே பயன்கொள்கின்றது.

1945இல் அமெரிக்கரான கெஸ்லிங் என்னும் பல்வைத்தியர், கம்பி கழற்றியபின் எஞ்சிய சிறு கோணல்களைத் திருத்தும் இறப்பர்க் கருவியொன்றை விவரித்தார். இத்தகைய கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக அணிவித்துப் பெரிய அசைவையும் பெறலாமென அவர் அப்பொழுதே கருதினார். கணினியின் துணைகொண்டு அதனைக் கைகூடச் செய்தது, 1997இல் சியா சிஷ்ரி, கெல்சி வேர்த் என்னும் இருவர் கலிபோணியாவிலே தொடங்கிய நிறுவனமாகும். அவர்கள் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் வணிகம் பயின்றவரேயன்றிப் பல்வைத்தியர் அல்லர் என்பது வியப்புக்குரியது. 1998இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 'இன்விசலைன்' என்னும் பெயர் உலகெங்கும் பரவிற்று. ஒவ்வொரு கவசமும் பல்லைக் கால் மில்லிமீற்றர் அளவே தள்ளும். நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிந்து, ஒரு கிழமைக்கோ இரு கிழமைக்கோ ஒருமுறை அடுத்ததை மாற்றுதல் வழக்கம்.

இனிப் பழைய பற்பணிக்கு வருவாம். அடைத்த பல் நகர்வதற்குத் தடையில்லை. நகர்வது வேர், அடைப்போ மேலிருப்பது. ஆனால், கவசம் பல்லின் வடிவத்துக்கு அமைய வார்க்கப்படுவது. இடையிலே ஓர் அடைப்பு உடைந்து புதிதாக அடைக்கப்பட்டால், அடுத்த கவசம் பொருந்தாது. ஆதலால் ஆட்டங்கண்ட அடைப்புகளையும் சூத்தைகளையும் முன்னரே சீர்செய்து, அதன்பின்னரே அளவெடுத்தல் வேண்டும். வேர்ச்சிகிச்சை பெற்ற பல்லை உயிரற்ற பல் என்பார் உளர். உள்ளே நரம்பு இல்லையாயினும் வெளியே இணைநார் நலமாயிருப்பின் அதுவும் ஏனைய பற்களைப் போலவே நகரும்.

முடி போட்ட பல்லிலே வேறொரு தொல்லை உண்டு. கவசம் பல்லைப் பற்றித் திருப்புதற்காகப் பல்லின்மேற் சிறு பிசின் புடைப்புகளை ஒட்டுவர். பன்மிளிரியைப் பொசுபோரிக்கமிலத்தால் அரித்தால் பிசின் நன்றாகப் பற்றும். பீங்கானில் அவ்வமிலம் போதாது. ஐதரோபுளோரிக்கமிலமும் இணைக்கும் பூச்சும் வேண்டும். அவ்வாறு செய்தும் புடைப்புக் கழன்றுவிடுதல் உண்டு. கழற்றும்பொழுது பீங்கானின் மெருகு கெடுதலும் உண்டு. பழைய முடி பழைய கோணலுக்கு அமையச் செய்யப்பட்டதாகலின், பல் நேரானபின் அதன் வடிவம் பொருந்தாது போகலாம். எனவே, புதுமுடி போட எண்ணியிருப்போர் தற்காலிக முடியோடு இருந்து, நிரைப்படுத்தியபின் நிலையானதைப் போடுதல் நன்று.

பாலத்தின் சங்கதி இன்னும் கடினம். ஒரு நுகத்திற் பூட்டிய இரு மாடுகள் வெவ்வேறு திசையிற் செல்லமாட்டா. பாலம் தாங்கும் இரு பற்களும் அத்தகையன. அவற்றை நகர்த்த வேண்டுமாயின் பாலத்தை வெட்டிப் பிரித்து, முடிவிலே புதிதாகக் கட்டவேண்டும். செலவு இருமடங்காதலும் கூடும். முன்வாயில் இரண்டு பற்கள் சிறிது கோணியதற்காகக் கொடுப்பிலே நன்றாகப் பயன்படும் பாலத்தை வெட்டுதல் எமக்கு உடன்பாடன்று. அதனை அவ்வாறே விட்டு ஏனையவற்றை மட்டும் நகர்த்தும் திட்டம் உண்டா என்று வைத்தியரைக் கேட்டல் வேண்டும்.

தைத்தேனிய வேர் பதித்த பல் சிறிதும் அசையாது. சுவீடன் நாட்டுப் பிரனெமார்க் என்பார் 1965இல் முதன்முதல் ஒருவர்க்குப் பதித்த இவ்வேர், இடையில் இணைநார் இன்றி என்போடு நேரே ஒன்றிவிடுவது. அதற்கமையவே ஏனைய பற்களை ஒழுங்குசெய்தல் வேண்டும். சில வேளைகளில் ஏனைய பற்களை இழுக்கும் நங்கூரமாகவும் அது உதவும். பல் விழுந்த இடத்தில் இனித்தான் பதிக்க எண்ணுவோர் முதலில் நிரைப்படுத்திப் பின்னர்ப் பதித்தலே முறை.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது முரசு நோய். முரசில் அழற்சி தணியாத நிலையிற் பல்லை நகர்த்தினால், கரைந்த என்பு மீள வளராது. பல் நேராகும், ஆயினும் ஆடும். எழுத்தாலும் படத்தாலும் இந்நிலையை அறிதல் அரிது; எக்ஸ் கதிர்ப் படமும் வைத்தியர் கையும் வேண்டும். தபால்வழிக் கவசம் விற்ற அமெரிக்க நிறுவனமான ஸ்மைல் டிரெக்ற் கிளப் 2023 டிசெம்பரில் மூடப்பட்டபொழுது, சிகிச்சை முடியாதிருந்தோர் நடுவழியில் விடப்பட்டனர்.

கவசத்தோடு தேநீர் பருகலாமா என்று எம்மவர் தவறாது கேட்பர். ஆகாது. சூட்டிற் பிளாத்திக்கு வளையும், சாயம் பற்றும், அன்றியும் சர்க்கரை உள்ளே தேங்கிப் பழைய அடைப்பின் விளிம்பிலும் முடியின் ஓரத்திலும் சூத்தையை விளைக்கும். வெறுந் தண்ணீர் மட்டுமே பருகலாம். முதற் சில நாளிற் பேச்சுச் சிறிது குழறும். தகரமும் நகரமும் நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பன என்றும், வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது என்றும் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்திருத்தலை அறிந்தார்க்கு இதன் காரணம் விளங்கும். உரக்க வாசித்துப் பழகினால் குழறல் நீங்கும்.

சிகிச்சை முடிந்தபின்னும் பல் பழைய இடத்தையே நாடும். ஆதலால் இரவிலே தாங்கு கவசம் அணிதல் வேண்டும். பின்னொரு நாள் முடியோ பாலமோ புதிதாகப் போடப்பட்டால் அக்கவசமும் பொருந்தாது. அன்றே மீண்டும் அளவெடுத்துப் புதியதொன்று செய்வித்தல் வேண்டும்.