விற்றதும் விற்காததும்

நுழையும்முன்
வீடு வாங்குவோர் பத்திரத்தை வரிவரியாகப் படித்த பின்னரே கையொப்பமிடுவர். மென்பொருள் வாங்குவோருக்கும் அவ்வெச்சரிக்கை வேண்டும். யுனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பின் பதிப்புரிமை எவருடையது என்று முடிவுசெய்ய அமெரிக்க நீதிமன்றங்களுக்கு ஏழாண்டுகளுக்கு மேலாயின.

அமெரிக்காவின் பெல் ஆய்வகம், மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து 1969ஆம் ஆண்டில் விலகியது. அத்திட்டத்தில் பணியாற்றிய கென் தாம்சன், அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 என்னும் சிறு கணினியில் புதியதோர் இயக்க அமைப்பை எழுதத் தொடங்கினார். டென்னிஸ் ரிட்சி துணைநின்றார். மல்டிக்ஸ் என்னும் பெயரில் 'பல' என்னும் பொருள் இருந்ததால், அதனைச் சற்றே எள்ளும் வகையில் 'ஒன்று' எனப் பொருள்தரும் யுனிக்ஸ் என்ற பெயர் அமைந்தது. 1973இல் அது ரிட்சி உருவாக்கிய சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதனால் ஒரே பொறியோடு கட்டுண்டு கிடவாமல் வெவ்வேறு கணினிகளுக்குச் செல்லும் ஆற்றலைப் பெற்றது.

ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி, அமெரிக்க அரசுடன் 1956இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தொலைபேசித் தொழிலுக்கு அப்பால் வணிகம் செய்ய இயலாது. எனவே யுனிக்ஸின் மூலநிரலைப் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் உரிமமாக வழங்கியது. ஒரு தலைமுறை மாணவர்கள் அந்நிரலைப் படித்தே இயக்க அமைப்பின் நுட்பம் கற்றனர். வணிகத் தடை ஒன்று கல்விக்கு வாய்த்த கொடையாயிற்று! 1984இல் அந்நிறுவனம் பிரிக்கப்பட்டபோது தடை நீங்கியது. யுனிக்ஸ் முழுமையான வணிகப் பொருளாயிற்று.

1993இல் நாவல் நிறுவனம் யுனிக்ஸை விலைக்கு வாங்கியது. 'யுனிக்ஸ்' என்னும் வணிகக்குறியை எக்ஸ்/ஓபன் என்ற அமைப்பிடம் ஒப்படைத்தது. பின்னர், 1995 செப்டம்பரில் யுனிக்ஸ் வணிகத்தைச் சான்டா குரூஸ் ஆப்பரேஷன் நிறுவனத்துக்கு விற்றது. சிக்கலின் வித்து இவ்வொப்பந்தத்திலேயே இருந்தது. வாங்கியவரிடம் முழு விலையையும் செலுத்தும் வசதி இல்லை. ஆகவே பழைய உரிமங்களிலிருந்து வரும் தொகையை அவர் திரட்டி நாவலிடம் சேர்க்க வேண்டும். அதில் 5 விழுக்காட்டைத் திரட்டும் கூலியாகப் பெறலாம் என்று முடிவாயிற்று. விற்கப்படாத சொத்துகளின் பட்டியலில் 'பதிப்புரிமைகள் அனைத்தும்' என்ற தொடரும் இடம்பெற்றது. 1996இல் எழுதப்பட்ட திருத்தமோ, வாங்கியவர் தம் உரிமைகளைச் செயற்படுத்தத் தேவையான பதிப்புரிமைகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. எவை தேவையானவை என்று அதில் எவரும் பட்டியலிடவில்லை. தெளிவுபடுத்த வந்த திருத்தமே தெளிவின்மைக்குக் காரணமாயிற்று.

2001இல் அவ்வணிகம் கால்டெரா நிறுவனத்திடம் சென்றது. கால்டெரா மறு ஆண்டே எஸ்.சி.ஓ. குழுமம் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 2003 மார்ச்சில் அக்குழுமம் ஐ.பி.எம். மீது 100 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. யுனிக்ஸின் நுட்பங்கள் லினக்ஸில் முறைகேடாகச் சேர்க்கப்பட்டன என்பது அதன் குற்றச்சாட்டு. லினக்ஸைப் பயன்படுத்தியோர் பலரும் கலங்கினர். அவ்வேளையில் நாவல், பதிப்புரிமை தன்னிடமே உள்ளது என அறிவித்தது. உடனே எதிரி மாறினார். 2004இல் நாவல் மீதும் வழக்குப் பாய்ந்தது.

அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமையை மாற்ற, கையொப்பமிட்ட எழுத்தாவணம் தேவை. வாய்ச்சொல்லோ வழக்கமோ போதாது. 2007 ஆகஸ்டில் நீதிபதி டேல் கிம்பால் நாவலின் பக்கம் தீர்ப்பளித்தார்; அடுத்த மாதமே எஸ்.சி.ஓ. குழுமம் திவால் பாதுகாப்பு நாடியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிப்புரிமைக் கேள்வியை ஜூரிகள் முடிவுசெய்யட்டும் எனத் திருப்பியனுப்பியது. 2010 மார்ச்சில் யூட்டா மாநில ஜூரிகளும் உரிமை நாவலுக்கே என்றனர். 2011இல் அம்முடிவு உறுதியாயிற்று. ஐ.பி.எம். மீதான வழக்கோ 2021 வரை நீண்டு சமரசத்தில் முடிந்தது.

யுனிக்ஸ் என்னும் பெயர் இன்று, எக்ஸ்/ஓபனின் வழிவந்த ஓபன் குரூப் அமைப்பிடம் உள்ளது. அவ்வமைப்பின் தேர்வுகளில் தேறிய இயக்க அமைப்புகளே அப்பெயரைத் தாங்கலாம். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் ஓ.எஸ். அவ்வாறு தேறிய ஒன்று.