கண் மஞ்சளை வழக்கம் என்று விட்டுவிடாதீர்கள்



மருத்துவ உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு நீலகிரியிலிருந்து ஒரு தாய் வந்தார். மகனுக்கு வயது 17. பிறவியிலேயே சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் அணு இரத்தசோகை. "இவனுக்குக் கண் எப்பவும் மஞ்சளாத்தான் இருக்கும். அதனால வழக்கம்போல கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தோம்" என்றார். மூன்று வாரம் கழித்து, குளிர்காய்ச்சலோடு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றபோதுதான் பித்தக் குழாயைக் கல் அடைத்திருப்பது தெரிந்தது. கல்லை அகற்றினார்கள், பிள்ளை பிழைத்துக்கொண்டான், அல்ஹம்துலில்லாஹ். இன்னொரு வீட்டில் இந்தத் தாமதம் நேரக் கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

கல் ஏன் உண்டாகிறது?

நமது இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இந்நோயில் அது அரிவாள்போல் வளைந்து, 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும். உடைந்த அணுவிலிருந்து பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி வெளியாகிறது. கண் மஞ்சளாகத் தெரிவது இதனால்தான். இதே நிறமி பித்தப்பையில் மிகுந்து கல்லாகவும் உறைகிறது. அந்தக் கல் நழுவிப் பித்தக் குழாயில் சிக்கினால் அடைப்பு ஏற்படும்.

எது வழக்கம், எது ஆபத்து?

இலேசான மஞ்சள் இந்நோயாளிகளுக்கு வழக்கம். ஆனால் மஞ்சள் திடீரென்று கூடினால், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், மலம் வெளுத்தால், உடம்பு அரித்தால், வலப்பக்க மேல்வயிறு வலித்தால் அடைப்பு இருக்கலாம். நடுக்கத்துடன் காய்ச்சலும் சேர்ந்தால் குழாயில் கிருமி புகுந்திருக்கக்கூடும். அது உயிருக்கு ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கீழாநெல்லி குடிப்பதால் அடைத்த கல் நகர்ந்துவிடாது.

பரிசோதனையும் சிகிச்சையும்

முதலில் இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்வார்கள். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.சி.பி. என்ற காந்த ஸ்கேன் எடுப்பார்கள். இதில் உடம்புக்குள் எந்தக் குழாயும் செலுத்துவதில்லை. இந்நோயாளிகளில் சிலருக்குக் கல் இல்லாமலேயே பித்தக் குழாய் விரிந்திருப்பதுண்டு. ஆகவே கல் இருக்கிறதா என்று இப்படி உறுதி செய்துகொள்வது நல்லது.

கல் உறுதியானால் இ.ஆர்.சி.பி. சிகிச்சை. வாய் வழியே எண்டோஸ்கோப் கருவியைச் சிறுகுடலின் தொடக்கம் வரை செலுத்தி, பித்தக் குழாயின் வாயைச் சிறிது வெட்டி விரித்து, பலூன் அல்லது சிறு வலைக்கூடையால் கல்லை வெளியே இழுத்துவிடுவார்கள். 1974இல் இம்முறை வருவதற்கு முன் வயிற்றைத் திறந்தே கல்லை எடுக்க வேண்டியிருந்தது. இதிலும் கணைய அழற்சி, இரத்தக் கசிவு போன்ற சிக்கல்கள் சிலருக்கு வரலாம். ஆகவே மருத்துவரிடம் தயங்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பித்தப்பையில் கல் இருந்தால் மறுபடியும் அடைக்கும் என்பதால், பின்னர் பித்தப்பையையும் லேப்ராஸ்கோப் மூலம் அகற்றச் சொல்வார்கள்.

குடும்பத்தார் கவனத்திற்கு

எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் "இவருக்குச் சிக்கிள் செல் இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள். நீர்ச்சத்துக் குறைந்தாலும், உடல் குளிர்ந்தாலும், பிராணவாயு குறைந்தாலும் அணுக்கள் வளைந்து கடும் வலி வரும். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் மருத்துவர்கள் இதற்கேற்ப டிரிப் ஏற்றுவார்கள். தேவையானால் இரத்தமும் ஏற்றுவார்கள். நோன்பு நாட்களில் தண்ணீர் இல்லாமல் இருப்பதும் இவர்களுக்கு ஆபத்தாகலாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. ரமலானுக்கு முன்பே மருத்துவரையும் ஆலிமையும் கலந்துகொள்ளுங்கள்.

இந்நோய் பெற்றோர் இருவர் வழியாகவும் வருவது. சவூதியில் 2004 முதல் திருமணத்திற்கு முன் இதற்கான இரத்தப் பரிசோதனை கட்டாயம். குடும்பத்தில் இந்நோய் இருப்பவர்கள், குறிப்பாகச் சொந்தத்தில் சம்பந்தம் பேசும்போது, நாமும் அதைச் செய்துகொள்வோம்.

செலவுக்குப் பயந்து யாரும் நாளைக் கடத்த வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையில் காட்டிக் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் நமது அலுவலகத்திற்கு வாருங்கள். உடன் வந்து உதவக் காத்திருக்கிறோம்.