தரையைக் கடைசியில் தொடுங்கள்

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பும் பலரும் முதலில் போய் நிற்பது டைல்ஸ் கடையில்தான். வருகிறவர்கள் கண்ணில் படுவது தரை என்பதால் அந்த அவசரம். ஆனால் சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், மாமல்லபுரம் என்று நீளும் எங்கள் கரையோரத்தில் வீட்டைத் தின்பது உப்பு. மேலேயிருந்து மழையோடும் கீழேயிருந்து ஓதத்தோடும் சேர்ந்துகொண்டு அது உள்ளே வருகிறது. தண்ணீர் வரும் வழியைப் பார்க்காமல் போடும் தரையை மறுபடியும் பெயர்க்க வேண்டிவரும்.

எங்கள் வீடு சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. முன்கட்டு செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மேலே மெட்ராஸ் டெரஸ். பின்கட்டுக்குச் சீமை ஓடு. பக்கவாட்டில் எண்பதுகளில் ஒட்டவைத்த கான்கிரீட் அறைகள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரை கடந்த இரவில் பின்கட்டு ஓடுகள் நகர்ந்துவிட்டன. ஒழுகலை அடைக்கத் தொடங்கிய வேலை ஒயரிங் வரை இழுத்துக்கொண்டு போனது.

வேலைக்கு முன் ஒரு காகித வேலை உண்டு. சதுரங்கப்பட்டினம் கோட்டை போலவே மாமல்லபுரத்துச் சின்னங்களும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதைத் தாண்டி 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தடைப் பகுதியில் புதுக்கட்டடம் கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுது பார்க்க உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுவது பழுதுபார்ப்பு ஆகாது. அதனால் பழைய வரி ரசீதையும் பத்திரத்தையும் தேடி எடுத்து வைத்துக்கொண்டு பிறகு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

மெட்ராஸ் டெரஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெடுக்கப்படுவது அதுதான். தேக்கு உத்திரங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக, சாய்வான வரிசையில் அடுக்கி, சுண்ணாம்புக் கலவையால் பிடித்திருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். அதைக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மேலே தட்டோடு பதிப்பது வழக்கம். இப்படிப்பட்ட கூரை ஒழுகினால் இன்றைக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றே: "மேல ஒரு கோட் சிமெண்ட் போட்டுடலாம்மா." எங்கள் கூரையிலும் யாரோ எப்போதோ போட்டிருந்தார்கள். வெயிலில் சுண்ணாம்பும் மரமும் சற்று நெகிழ்ந்து கொடுக்கும்; சிமெண்ட் கொடுக்காது, கீறல் விடும். அந்தக் கீறலில் இறங்கும் மழைநீர் திரும்ப வெளியேற வழியில்லாமல் உத்திரத்தின் முனைக்குப் போய்ச் சேரும்.

ஆகவே கூரையைச் சோதிக்க மொட்டைமாடிக்கு ஏறினால் மட்டும் போதாது. சுவருக்குள் நுழையும் இடத்தில் உத்திரத்தை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நடுவில் இரும்பாக இருக்கும் மரம் முனையில் மாவாகியிருக்கக் கூடும். நாங்கள் சிமெண்டைச் சுரண்டி எடுத்து, கெட்ட உத்திரங்களை மாற்றி, தளத்துக்கு வாட்டம் சரிசெய்து, தட்டோடு மறுபடி பதித்தோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி கிடைப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் ஆள் இல்லாமல் இல்லை. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து திரும்ப எழுப்பிய வீட்டைப் போய்ப் பாருங்கள். மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. வாயால் விளக்குவதைவிட அது எளிது.

சுவரிலும் இதே தகராறுதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்று, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைத் தகடு தகடாகத் தள்ளும். பெயர்ந்த இடத்தில் மட்டும் திரும்பப் பூசினால் ஓதம் அதற்கும் மேலே ஏறும். ஈரக்கறை தெரியும் உயரத்துக்கு ஓர் அடி மேல்வரை சிமெண்டைக் கொத்தி எடுத்துவிடுங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். கரைந்து உள்ளேயே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். கடற்கரைக் கோயிலின் கருங்கல்லுக்கே உப்புத் தொல்லை உண்டு. தொல்லியல் துறையினர் நல்ல தண்ணீரில் ஊறிய காகிதக்கூழைக் கல்லின்மேல் அப்பிவைத்து, காய்ந்தபின் எடுக்கிறார்கள். காயும்போது உப்பு கூழுக்கு வந்துவிடுகிறது. அதே வைத்தியத்தை எங்கள் கூடத்துச் சுவரிலும் செய்தோம். வேலையாட்கள் சிரித்தார்கள்; காய்ந்து விழுந்த கூழில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

கான்கிரீட் அறைகள் வயதில் இளையவை, நோயில் மூத்தவை. கடலோரக் கட்டடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை 456. எங்கள் சீலிங்கில் பாதிகூட இல்லை. கம்பியில் பிடிக்கும் துரு இரும்பைவிடப் பல மடங்கு பருத்துக் கான்கிரீட்டை உடைக்கும். விழுந்த இடத்தை மட்டும் அடைத்தால் போதாது. ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பிலேயே அடுத்த துரு தொடங்கும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தையெல்லாம் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தித் துருவைத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கலவைக்கு உப்பு ஏறிய போர் தண்ணீர் வேண்டாம். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. லாரித் தண்ணீர் செலவுதான், இருந்தாலும் வாங்குங்கள்.

ஒயரிங்கைப் பொறுத்தவரை பழையதில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள். எங்களுடையது மரப்பட்டியில் ஓடிய ரப்பர் உறை ஒயர், தொட்டால் உதிர்ந்தது. எர்த் என்ற ஒன்றே இல்லை. விளக்குக்கு ஒன்றரை ஸ்கொயர், பிளக்குக்கு ரெண்டரை, ஏசிக்கு நாலு என்று செம்பு ஒயர் இழுத்தோம். சுண்ணாம்புச் சுவரைக் காடி வெட்டிக் கெடுக்காமல் பைப்பை வெளியிலேயே ஓட்டினோம். அழகு கொஞ்சம் குறைந்தாலும் நாளைக்குத் திறந்து பார்க்க முடியும். மின்கசிவு இருந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். பொருத்திய வாரத்திலேயே எலக்ட்ரீஷியன் கேட்டார்: "அடிக்கடி டிரிப் ஆவுதும்மா, எடுத்துடட்டுமா?" எடுக்கவிடாதீர்கள். எங்கோ ஈரம் பட்ட ஒயரோ, இரண்டு லைனுக்குப் பொதுவாகப் போட்ட நியூட்ரலோ இருக்கும். அதைத்தான் தேட வேண்டும். உப்பு மண்ணில் எர்த் நன்றாகப் பிடிக்கும், ஆனால் இரும்புக் குழாய் சீக்கிரம் அரித்துவிடும். செம்பு பூசிய ராடு போட்டு ஆண்டுக்கொருமுறை அளந்து பாருங்கள். கீல், திருகு, கைப்பிடி எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்; கடைக்காரர் வழக்கமாக நீட்டும் 304 இங்கே பழுப்புப் பூக்கும்.

அறையைச் சூடாக்கும் கவலை நமக்கில்லை. வெந்நீருக்கு 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி லைன் கொடுத்தால் போதும். குளிர்ச்சிக்கு மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், உயரத்து வென்டிலேட்டர்களை அடைக்காதீர்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டு உத்திரத்தை மறைத்துவிட்டால் கரையான் வந்ததுகூடத் தெரியாது.

இதற்கெல்லாம் பிறகு, ஒரு மழைக்காலம் தாண்டியபின்தான் தரையைத் தொட்டோம். கூடத்தில் இருந்த காவித் தரையை எடுக்கவில்லை. அதன்மேல் நீர் புகாத விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டியிருந்தால் மண்ணின் ஈரம் வேறு வழியில்லாமல் சுவரில் ஏறியிருக்கும். கீறல்களைக் காவி கலந்த சிமெண்டால் அடைத்து, மெழுகித் தேய்த்து, அவ்வப்போது துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறோம். பழைய தரை அறவே போய்விட்ட பின்கட்டுக்கு ஆத்தங்குடிக் கல். அதற்கு ஆசிட் ஆகாது. வீட்டு வேலைக்கு வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.