ஒரு நெல்லுக்கு 550 கோடி எழுத்து

கேள்வி: நெல்லின் டி.என்.ஏ.வை வாசித்துக் கிடைக்கும் தரவை எப்படிச் சேமிக்கிறார்கள்?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: நெல்லின் மரபணுத் தொகுதி சுமார் 39 கோடி எழுத்து நீளம். இயந்திரம் அதை ஒரே மூச்சில் வாசிப்பதில்லை. சரசுவதி மகால் சுவடி ஒன்றைப் பல படிகள் எடுத்து, எல்லாவற்றையும் கிழித்துக் கலந்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் வந்து விழுகின்றன, நூறு நூற்றைம்பது எழுத்துத் துணுக்குகள்.

2014இல் வெளியான '3000 நெல் மரபணுத் திட்டம்' 89 நாடுகளின் 3,024 நெல் வகைகளை, சராசரியாக 14 மடங்கு வாசித்தது. வகை ஒன்றுக்கு ஏறத்தாழ 550 கோடி எழுத்து!

முதலில் இவை 'ஃபாஸ்ட்க்யூ' கோப்புகளாகும். ஒவ்வொரு எழுத்துக்கும் அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் குறியீடும் கூடவே இருக்கும். இடத்தை அதிகம் அடைப்பதும் அதுதான். பிறகு துணுக்குகளை, முன்பே முழுதாக வாசித்து வைத்திருக்கும் ஒரு நெல்லின் மூல வரிசையோடு பொருத்துவார்கள். 'க்ராம்' வடிவம் மூலத்திலிருந்து மாறுபடும் எழுத்துகளை மட்டும் குறித்துக்கொள்வதால் கோப்பு வெகுவாகச் சுருங்கும். ஆனால் மூல வரிசையைத் தொலைத்தால் கோப்பைத் திறக்கவே முடியாது.

இந்தியாவில் இதற்கான கிடங்கு ஃபரிதாபாத்தின் இந்திய உயிரியல் தரவு மையம். 2022 நவம்பரில் திறக்கப்பட்டபோது அதன் கொள்ளளவு 4 பெட்டாபைட்.

எந்த வகை, எந்த ஊர் விதை, எப்போது வாசித்தது என்ற விவரங்களையும் மென்பொருள் கட்டிக்காக்க வேண்டும். விவரச்சீட்டு இல்லாத கோப்பு, பெயர் எழுதாத விதை மூட்டை. இவ்வளவு பாடும் எதற்கு? வெள்ளம் தாங்கும் சப்1ஏ மரபணு 2006இல் அடையாளம் காணப்பட்டது. இன்று சம்பா வயலில் நிற்கும் சி.ஆர். 1009 சப்1 ரகத்தில் இருப்பது அதுதான். அடுத்த மரபணுவைத் தேடுபவர்கள் இந்தக் கோப்புகளைத்தான் திறப்பார்கள்.