முதல் கவ்பாய் பூட்ஸ் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

ஹூஸ்டனில் ரோடியோ நெருங்கினால் போதும், டெக்சஸுக்குப் புதிதாக வந்த நம் பிள்ளைகள் என்னைத் தேடி வருவார்கள். "அங்கிள், நல்ல பூட்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும்?" கடையைச் சொல்வது எளிது. கடைக்குள் போய் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் போனால், எந்தக் கடைக்குப் போயும் பயனில்லை. நான் வாணியம்பாடியில் தோல் பதனிடும் குடும்பத்தில் வளர்ந்தவன், இப்போது சான் அன்டோனியோவாசி. இரண்டு ஊரும் கற்றுத் தந்ததை இங்கே எழுதுகிறேன்.

1. இந்தக் காலணி எதற்காகப் பிறந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, டெக்சஸிலிருந்து கான்சஸ் ரயிலடிகளுக்கு மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றார்கள். 1867-ல் அபிலீன் ஊரில் தொடங்கிய மாட்டுச்சந்தையோடு அது பெருந்தொழிலானது. நாள் முழுவதும் குதிரை மேல் இருக்கும் மனிதனுக்கான காலணி இது. உயர்ந்து உள்வாங்கிச் சரிந்த குதி, பாதம் அங்கவடிக்குள் முழுவதும் நுழைந்துவிடாமல் தடுக்கும். வழுவழுப்பான தோல் அடி, அங்கவடியில் சிக்காமல் நழுவும். உயர்ந்த தண்டு, முள்ளிலிருந்து காலைக் காக்கும். இங்கே புதரெங்கும் மண்டிக் கிடக்கும் மெஸ்கிட், நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு; அதன் முள் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லேஸ் கிடையாது. குதிரையிலிருந்து விழுந்தவனின் கால் அங்கவடியில் மாட்டினால், பூட்ஸ் அங்கேயே நிற்க, கால் உருவிக்கொண்டு வர வேண்டும். ஆகவே இதை இறுக்கவும் தளர்த்தவும் வழியில்லை. செய்தபோது அமைந்த அளவுதான் உங்கள் காலைப் பிடிக்கும். நான் அடுத்துச் சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

2. புறங்கால் பிடிப்பை முதலில் பாருங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், அணியப்போகும் காலுறையோடு கடைக்குப் போங்கள். மேலே உள்ள இரண்டு வார்களையும் பிடித்து இழுங்கள். மோதிரம் விரல் மூட்டைத் தாண்டுவதைப்போல், குதிங்கால் ஓரிடத்தில் சற்றுத் தடைபட்டு, பிறகு சட்டென்று உள்ளே இறங்க வேண்டும். தடையே இல்லாமல் நுழைந்தால் அது பெரியது. எழுந்து நில்லுங்கள். புறங்காலைத் தோல் வலியில்லாமல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பாதத்தின் மிக அகன்ற பகுதி, அடியின் மிக அகன்ற இடத்தில் அமர வேண்டும். விரல்கள் அசைய வேண்டும். முனை கூராக இருந்தாலும் விரல்கள் அந்தக் கூருக்குள் போகாமல் அதற்கு முன்பே நின்றுவிட வேண்டும்.

நடந்து பாருங்கள். குதிங்கால் கால் அங்குல அளவு மேலே எழும்பும். புதிதில் அப்படித்தான் இருக்கும். விறைப்பான அடித்தோல் நடக்க நடக்க வளையப் பழகியதும் அது குறைந்துவிடும். குதி துளியும் எழும்பவில்லை என்று மகிழ்ந்து வாங்காதீர்கள்; அது உங்கள் காலுக்குச் சிறியதாக இருக்கக்கூடும்.

3. அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டாதீர்கள். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் விரிந்தும் குதி ஒடுங்கியும் இருக்கும். கடைக்காரர் ஓர் அளவு பெரிதாகத் தருவார், விரல்களுக்குச் சுகமாக இருக்கும், நீங்களும் வாங்கிவிடுவீர்கள். ஆனால் பூட்ஸ் மடங்கும் இடமும் உங்கள் பாதம் மடங்கும் இடமும் வேறாகிவிடும். குதி ஆடும், புறங்கால் தளரும். ஆண்கள் அளவில் பி என்றால் ஒடுக்கம், டி நடுத்தரம், இரட்டை ஈ அகலம். உங்களுக்கு வேண்டிய எழுத்தைக் கேட்டு வாங்குங்கள். பெண்பிள்ளைகளுக்கு அகலத் தேர்வு குறைவு. அவர்கள் தங்கள் எண்ணிலிருந்து ஒன்றரை, இரண்டு குறைத்து ஆண்கள் வரிசையிலும் தேடிப் பார்க்கலாம்.

4. தலைகீழாகத் திருப்புங்கள். ஒரு பூட்ஸின் நேர்மை அதன் அடியில் தெரியும். மேல்தோலையும் உள்ளடியையும் ஒரு தோல்பட்டையோடு சேர்த்துத் தைத்து, அந்தப் பட்டையோடு வெளியடியைத் தைப்பது வெல்ட் முறை. தேய்ந்த அடியைப் பிரித்துவிட்டுப் புதிது போட முடிவது இதனால்தான். மலிவான சரக்கில் அடியைப் பசையால் ஒட்டிவிட்டு, ஓரத்தில் அழகுக்கு ஒரு தையலை ஓட்டியிருப்பார்கள்.

அடுத்து, குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய இடுப்பைப் பாருங்கள். அங்கே இரு ஓரங்களிலும் வரிசையாகச் சிறு புள்ளிகள் தெரிந்தால் அவை மர ஆணிகள். ஈரம் பட்டால் தோலும் மரமும் சேர்ந்தே உப்பும், காய்ந்தால் சேர்ந்தே சுருங்கும். இரும்பாணிபோல் துருப்பிடித்துத் தளராது. அந்த இடத்துக்கு உள்ளே ஓர் எஃகுப் பட்டை இருக்கும். அங்கவடியில் எழுந்து நிற்பவனின் எடை அந்த இடத்தின் மேல்தான் விழுகிறது. கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். அமுங்கினால் வைத்துவிட்டு வாருங்கள்.

பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். 1879-ல் ஸ்பானிஷ் ஃபோர்ட் என்ற சிற்றூரில் தொடங்கிய ஜஸ்டின், 1883-ல் சான் அன்டோனியோவில் தொடங்கிய லுக்கேசி, 1911-ல் எல் பாசோவில் தொடங்கிய டோனி லாமா எல்லாம் மதிப்புள்ள பெயர்கள்தாம். ஆனால் பெரிய நிறுவனங்கள் ஒரே பெயரில் பல தரங்களை விற்கின்றன. மெக்சிகோவின் லியோன் நகரில் தலைமுறை தலைமுறையாகக் காலணி செய்கிறார்கள். அங்கே செய்தது என்பதற்காக ஒன்றைத் தாழ்வாக எண்ணவும் கூடாது.

5. தோலை விரலால் படியுங்கள். விரலால் அழுத்தும்போது நல்ல கன்றுத்தோலில் நம் சருமத்தில் விழுவதுபோல் நுண்ணிய சுருக்கங்கள் விரிந்து, விரலை எடுத்ததும் மறையும். மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பூச்சுப் பூசிய தோல் கண்ணாடிபோல் மின்னும், அழுத்தினால் மொத்தமாகக் குழியும். மடிப்பில் பூச்சு வெடித்துவிடும். உள்ளே கை விட்டுப் பாருங்கள். உள்பக்கமும் தோலாக இருந்தால் வியர்வையை உறிஞ்சும். ஆட்டுத்தோல் எனக்குப் பிடித்தது: எடை குறைவு, மென்மை, உறுதியும் உண்டு. மாட்டுத்தோல் வேண்டாம் என்பவர்கள் இதைக் கேட்டு வாங்குவதைப் பார்க்கிறேன். அடியும் பெரும்பாலும் உள்ளடியும் அப்போதும் மாட்டுத்தோல்தான் என்பதைத் தெரிந்து வாங்குங்கள்.

6. நெருப்புக்கோழி, முதலை, திருக்கைத் தோல்களை முதல் ஜோடிக்கு வாங்க வேண்டாம். நெருப்புக்கோழித் தோல் மெத்தென்று இருக்கும், உழைக்கும், சந்தேகமில்லை. ஆனால் மாட்டுத்தோலில் அச்சுப் பதித்து அதுபோலவே செய்வார்கள். உண்மையான இறகுப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருக்கும். அச்சில் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரும். முதலை, மலைப்பாம்புத் தோல்கள் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கைக்குள் வருபவை. ஊரில் இருக்கும் மைத்துனருக்கு என்று பெட்டியில் வைத்தீர்களானால் சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டிவரும்.

7. பழையது வாங்க வெட்கப்படாதீர்கள். மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதுதான்: பசை ஒட்டிய புது ஜோடியின் விலைக்கு, வெல்ட் தைத்த பழைய ஜோடி கிடைக்கும். அடி தேய்ந்திருந்தால் கவலையில்லை, மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவற்றைப் பாருங்கள். மேல்தோலில் மடிப்புக் கோடு இருக்கலாம், வெடிப்பு இருக்கக் கூடாது. குதியின் பின்புறத்தைக் கிள்ளிப் பாருங்கள். விறைப்பாக நிற்க வேண்டும். உள்ளடியைத் தடவிப் பாருங்கள். முந்தியவரின் பாதம் அதில் பள்ளமாகப் பதிந்திருக்கும். ஆழமாகப் பதிந்துவிட்டதை எந்தத் தைப்பவராலும் அழிக்க முடியாது. தண்டின் உள்ளே அச்சிலோ கையாலோ எழுதிய எண்கள் இருக்கும். அளவும் அகலமும் அதில் தெரியும். பூசண வாடை அடித்தால் பேரம் பேசாமல் நகருங்கள்.

8. அளவெடுத்துச் செய்வதை, இரண்டு மூன்று ஜோடி அணிந்து தேய்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்கள் கால் என்ன கேட்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நல்ல கைவினைஞர் இரண்டு பாதங்களையும் காகிதத்தில் வரைவார். முன்பாதம், புறங்கால், குதியைச் சுற்றி, கணுக்கால், கெண்டைக்கால் என்று நாடாவால் அளப்பார். லாஸ்ட் என்னும் அச்சுக்கட்டையில் வேண்டிய இடத்தில் தோல்துண்டு ஒட்டி, உங்கள் காலின் வடிவத்துக்குக் கொண்டுவருவார். வலது கால் இடதைவிடப் பெரிதாக இருந்தால் அதற்கும் ஈடு செய்வார். அளவெடுக்காமல் "என்ன சைஸ்?" என்று மட்டும் கேட்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். விலை ஆயிரம் டாலருக்கு மேல் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகும். மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தையல் அலங்காரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பழைய பூட்ஸில் எங்கே கடித்தது, எங்கே ஆடியது என்று சொல்லுங்கள். அவருக்கு முதலில் வேண்டிய தகவல் அது.

9. அலுவலகத்துக்கும் நடைக்கும் ஓர் அங்குலத் தாழ்ந்த குதி போதும். முனை கூரா, சதுரமா என்பது உங்கள் விருப்பம்.

10. வாங்கிய பின் முதல் வாரம் வீட்டுக்குள் போட்டுப் பழகுங்கள். நனைந்தால் வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ வைக்காமல், உள்ளே காகிதம் அடைத்து நிழலில் உலர்த்துங்கள். அடுத்தடுத்த நாள் ஒரே ஜோடியைப் போடாதீர்கள்; வியர்வை காய ஒரு நாள் வேண்டும். குதியின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து தோல் அடுக்கைத் தொடும் முன்பே தைப்பவரிடம் கொண்டுபோனால் சிறு செலவில் முடியும். தள்ளிப்போட்டால் குதி முழுவதையும் கட்ட வேண்டிவரும்.

மேலும் கேள்வி இருந்தால் பழைய பூட்ஸையும் கையோடு எடுத்து வாருங்கள். அடியைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.