ஆடிக் காற்றின் மேல் விழும் பழி

உத்தமபாளையம்

அன்புள்ள தம்பிக்கு,

கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்குப் பயிர் ஆலோசனை கூறும் உத்தியோகத்தில் நீ பிரவேசித்திருப்பது அறிந்து மகிழ்ந்தேன். முதல் ஆடியிலேயே, தார் சுமந்த வாழைகள் வேரோடு சாய்ந்து கிடக்கும் தோட்டத்துக்கு உன்னை அழைத்துப்போய், காற்று சாய்த்துவிட்டது என்பார்கள். மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்றின் வேகத்தை அறிந்த நமக்கு அதை நம்புவதும் எளிது. நானும் வாலிபத்தில் அவ்வாறே நம்பி, முட்டுக்கொடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அத்தோட்டத்துக் கன்றுகளை வாங்கி நட்ட அண்டைத் தோட்டமும் மறு ஆண்டு சாய்ந்தபோது, அந்தக் குடியானவரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆகவே வேர் ஒன்றை நறுக்கி, நெடுக்காகப் பிளந்து பார். வெண்மையாக இருக்கவேண்டிய புறச்சதையில் செம்பழுப்புத் திட்டுகள் படர்ந்திருந்தால், ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாத, ஊசி போன்ற வாயுறுப்புடைய ‘ரேடோபோலஸ் சிமிலிஸ்’ என்னும் நூற்புழு குடைந்திருக்கக் கூடும். 1893-இல் ஃபிஜித் தீவின் வாழையிலிருந்து காப் என்னும் விஞ்ஞானி வர்ணித்த புழு அது. அது குடைந்த புண்ணின் வழியே மண்ணின் பூஞ்சணங்கள் புகுந்து வேரை அழுகச் செய்ய, பிடிப்பிழந்த மரம் சிறு காற்றுக்கும் சாய்கிறது.

வேறு சில நூற்புழுக்கள் நோயைத் தாமே சுமந்து செல்கின்றன. வட இந்தியக் கோதுமையின் ‘துண்டு’ நோய்க்குரிய பாக்டீரியா, நூற்புழுவின் உடலில் ஒட்டிக்கொண்டே குருத்தை அடைகிறது. திராட்சையின் விசிறியிலை வைரஸை ‘ஜிஃபினெமா இண்டெக்ஸ்’ கொடிக்குக் கொடி கடத்துவதை, 1958-இல் ஹெவிட், ராஸ்கி, கோஹீன் என்னும் மூவர் கலிபோர்னியாவில் நிரூபித்தனர். நூற்புழு வைரஸைக் கடத்தும் என்பதற்கு அதுவே முதல் சான்று. பன்னீர்த் திராட்சையால் பெயர்பெற்ற ஊரில் தொழில் செய்யும் நீ இதனை மறவாதே.

வாழை வேரைக் குடையும் அந்த நூற்புழு தன் முயற்சியால் நகரும் தூரம் சொற்பம். ஊர்விட்டு ஊர் அதைக் கொண்டுபோவது நாம் விற்கும் கன்றுதான். கிழங்கின் கருத்த பாகத்தை வெள்ளை தெரியும்வரை சீவி நடச் சொல். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயலில் நெல்லுக்குப் பின் வாழை வைக்கும் வழக்கத்தையும் நான் மிகவும் மதிக்கிறேன். மாதக்கணக்கில் நீர் தேங்கிய சேற்றில் இப்புழு பிழைப்பதில்லை.

தோட்டத்தை விட்டு வெளியேறுமுன் மண்வெட்டியையும் செருப்பையும் கழுவு. ஆனால் வாய்க்காலில் கழுவாதே. அந்தத் தண்ணீர் கீழ்த்தோட்டங்களுக்குப் போகிறது.

இங்ஙனம்,
உன் நலம் நாடும் அண்ணன்