முதற்பால் ஏன் மஞ்சள்?

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் மாதர் கூட்டமொன்றில் ஒரு பாட்டி எம்மிடம் கேட்டார்: "பாதர், மகளுக்குப் பால் மஞ்சளா வந்துச்சு. கெட்ட பாலுன்னு பீச்சி ஊத்திட்டோம். சரிதானே?" மாத்தளையில் இக்கேள்வி எமக்குப் புதியதல்ல. சரியல்ல என்பதே எமது பதில். ஏன் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

கரட், பூசணி, பப்பாசி, பலாப்பழம் ஆகியவற்றுக்கு நிறம் கொடுப்பவை கரோட்டினொயிட்டுகள் எனும் நிறப்பொருட்கள். எமது உடல் இவற்றை ஆக்குவதில்லை; செடிகளே ஆக்குகின்றன. தாய் உண்டவை இரத்தத்தில் சேர்ந்து பாலுக்குள் வருகின்றன. பிரசவத்தின் பின் முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பாலில் இவை, பின்னர் சுரக்கும் பாலிலும் பார்க்கப் பல மடங்கு அதிகம். மஞ்சள் நிறம் அதனாலேயே. அதற்கும் செங்கமாரிக்கும் தொடர்பில்லை. குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளித்தால் அது வேறு காரியம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், பாலை நிறுத்தாதீர்கள்.

இவற்றுள் பீட்டா கரோட்டின் உடலுக்குள் விற்றமின் ஏ ஆக மாறும். லூட்டீன் அப்படி மாறாது. விழித்திரையின் நடுப்பகுதியிலும் மூளையிலும் போய்த் தங்கும். சிசுக்களின் மூளையிலுள்ள கரோட்டினொயிட்டுகளில் பாதிக்கு மேற்பட்டது லூட்டீனே.

"லூட்டீன் சேர்த்த பால்மாவும் வருகிறதே?" என்று கேட்கலாம். சேர்ப்பது ஒன்று, குழந்தையின் உடலில் சேர்வது இன்னொன்று. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் இரத்தத்தில் உள்ள அளவு லூட்டீன் கிடைக்க வேண்டுமானால், பால்மாவில் ஏறக்குறைய நான்கு மடங்கு லூட்டீன் இருக்க வேண்டும் என 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கரோட்டினொயிட்டுகள் கொழுப்போடு சேர்ந்தே உடலில் உறிஞ்சப்படுகின்றன. தாய்ப்பாலில் அவை கொழுப்புத் துளிகளுக்குள்ளேயே இருக்கின்றன. அக்கொழுப்பைச் செரிக்க உதவும் நொதியமும் அதே பாலில் உண்டு. வித்தியாசத்துக்கு இவை காரணமாகலாம்.

வேறு வழியின்றிப் பால்மா கொடுக்கும் தாயைப் பயமுறுத்துவது எமது நோக்கமல்ல. சிசுக்களுக்கான பால்மாவில் விற்றமின் ஏ சேர்க்கப்பட்டிருக்கும். ஆனால் பால் சுரக்கும் தாய்க்கு நிவாரணப் பெட்டியோடு பால்மாவையும் கொடுப்பது உதவியல்ல. 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பூகம்பத்தின் பின், இலவசப் பால்மா பெற்ற குழந்தைகளிடையே வயிற்றோட்டம் பெறாதவர்களைப் போல் இரு மடங்கு காணப்பட்டது. சுத்தமான நீரும் விறகும் தட்டுப்பாடான முகாமில் போத்தலைக் கழுவிக் கொதிக்க வைப்பது எவ்வளவு சிரமம் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இனி தாயின் தட்டுக்கு வருவோம். "கீரை சாப்பிடுங்கள்" என்று நாமும் பல வருடம் சொல்லி வந்தோம். எப்படி என்று சொல்லவில்லை. மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மாருக்கு 12 வாரம் தினமும் கரும்பச்சைக் கீரை கொடுத்துப் பார்த்தார்கள். விற்றமின் ஏ நிலை உயரவில்லை என 1995இல் முடிவு வெளியானது. அதே அளவு பீட்டா கரோட்டினைப் பிஸ்கட் போன்ற பண்டத்தில் சேர்த்துக் கொடுத்தபோது உயர்ந்தது. இலைக்குள் கரோட்டின் இறுகப் பிணைந்திருப்பதால் உடலுக்கு இலகுவில் கிடைப்பதில்லை. ஆகவே கீரையைப் பொடியாக அரியுங்கள். அளவாக வேக வையுங்கள். தேங்காய்ப்பூவோ தேங்காய்ப்பாலோ தாராளமாகச் சேருங்கள். நம் பெண்கள் செய்யும் கீரைச் சுண்டலும் சிங்களச் சகோதரிகளின் மல்லுமும் இதற்கு ஏற்ற சமையல்தான். தேங்காய் விலையேறும்போது முதலில் குறைவது தாயின் கறியில் என்பதைத் தகப்பன்மார் கவனிக்க வேண்டும்.

கீரையிலும் பார்க்கப் பழுத்த பப்பாசி, மாம்பழம், பூசணி ஆகியவற்றிலிருந்து கரோட்டின் இலகுவாகக் கிடைக்கும். தம்புள்ளைச் சந்தையில் பூசணி மலிந்த காலத்தில் ஒரு காயை வாங்கி இரண்டு வீட்டார் பகிர்ந்து கொள்ளலாம். ஆனாலும் கீரையை விட வேண்டாம். லூட்டீன் அதில்தான் நிறைய உண்டு. தாய்க்கு லூட்டீன் கூட்டிக் கொடுத்தபோது அவள் பாலிலும் குழந்தையின் இரத்தத்திலும் அது கூடியதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

சொந்த நிலம் இன்னும் கைக்கு வராதவர்கள், கழுவு நீர் ஓடும் இடத்தில் கங்குன், பொன்னாங்காணித் தண்டுகளை ஊன்றி விடலாம். சவர்க்கார நீர் மட்டும் படாமல் பாருங்கள். வேலியோரம் ஒரு முருங்கைக் கொப்பு போதும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு, அவித்து மசித்த பூசணியில் சிறிது தேங்காய்ப்பால் விட்டு ஊட்டத் தொடங்கலாம். கிளினிக்கில் தரும் விற்றமின் ஏ மருந்தையும் தவறவிட வேண்டாம். இடம் மாறி வந்திருந்தால், உங்கள் பெயரும் குழந்தையின் பெயரும் புதிய பகுதியின் மிட்வைப் அம்மாவிடம் பதிவாகியுள்ளதா என்று இந்த வாரமே கேளுங்கள்.